வண்டிக்குள் ஒரு கொடியடுப்பு

சித்திரை மாதத்து வெயிலைப் பற்றி ஊத்துக்குளிவாசிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அகஸ்திய முனிவரின் தாகம் தீர்வதற்காக முருகப்பெருமான் வேலால் குத்தி ஊற்று எழுப்பிய தலம் என்று கதித்தமலையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதுண்டு. முனிவருக்கே தாகம் பொறுக்காத பூமியில், தினந்தோறும் இருசக்கர வண்டியில் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் பாடுபட்டுத் திரும்பும் சாமானியர்களின் நிலையை ஊகித்துக் கொள்ளலாம். மனிதர்களாவது ஒரு வேப்பமர நிழலில் ஒதுங்கி ஒரு குவளை மோர் அருந்தலாம். அவர்கள் ஏறிச் செல்லும் வண்டிக்கு மோர் கொடுப்பவர் யார்? இந்த வாரம் நாம் அதைப் பற்றித்தான் விசாரிக்கப் போகிறோம்.

"வண்டியின் உஷ்ணம் வண்டிப் பட்டறைக்காரர் பாடு, குடும்பஸ்தர்களுக்கு அதில் என்ன அக்கறை?" என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்கும் காலம் மலையேறிவிட்டது. பெட்ரோல் வண்டி வாசலோடு நின்றது. மின்சார வண்டியோ நடைக்கும் கூடத்துக்கும் வந்து, இரவெல்லாம் நம் வீட்டு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு, நம் குழந்தைகள் உறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 2022-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், வேலூரில், இரவில் மின்னேற்றத்துக்கு விடப்பட்டிருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. அந்தப் புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு, வண்டிக்குள் உஷ்ணம் எப்படிப் பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகிவிட்டது.

முதலில் பழைய வண்டிகளின் கதையைப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் என்பது உண்மையில் சக்கரம் வைத்த ஓர் அடுப்புதான். நாம் ஊற்றும் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. பல சமயம் அதுகூட இல்லை. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போய்விடுகிறது. மிச்சமுள்ளது எஞ்சினைச் சுட வைக்கிறது. அதை உடனுக்குடன் எடுத்து வெளியே தள்ளாவிட்டால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அதற்காகத்தான் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டு, அந்தச் சூடான தண்ணீரை ரேடியேட்டரில் காற்றுப்பட ஆற்றுகிறார்கள்.

கோயமுத்தூர்ச் சீமை தந்த மேதை ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அந்தக் காலத்து மோட்டார்களில் ஒரு தகரத்தில் தண்ணீர் வைத்திருப்பது சர்வ சாதாரணம். மேடு ஏறியதும் ரேடியேட்டர் கொதிக்கும். பிரயாணிகள் இறங்கி நிற்பார்கள். டிரைவர் கிணறு தேடிப் போவார். வண்டியின் உஷ்ணத்தை ஆளுவது அன்றைக்கு ஒரு மனிதரும் ஒரு தகர டப்பாவும் சேர்ந்து செய்த காரியமாயிருந்தது.

அதை யந்திரமே செய்யும்படி ஆக்கியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேபாக். 1901-ல் ஓடிய மெர்ஸிடிஸ் காருக்கு அவர் ஒரு தேனடை ரேடியேட்டர் அமைத்தார். அதில் பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் உள்ள சதுரக் குழல்கள் 8,070 இருந்தன. காற்றும் தண்ணீரும் ஒன்றையொன்று நெருங்கும் பரப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு சீக்கிரம் சூடு இறங்கும். பரந்த தட்டில் ஊற்றிய காப்பி சட்டென்று ஆறிவிடுவதை நாம் பார்க்கவில்லையா? அந்தப் பெரிய தட்டை ஒரு கையகலப் பெட்டிக்குள் மடித்து வைத்ததுதான் மேபாக்கின் சாமர்த்தியம்.

ரேடியேட்டரின் மூடி கூட ஓர் அற்புதமான சாதனம். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு அழுத்தத்தைத் தாங்கும் மூடியைப் போட்டு இறுக்கினால், அதே தண்ணீர் 120 டிகிரி வரையில் கொதிக்காமல் அடங்கியிருக்கும். இட்லிப் பானைக்கும் பிரஷர் குக்கருக்கும் உள்ள வித்தியாசந்தான் இது. இந்த மூடியைப் பற்றி நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த சுந்தரம் பாஸனர்ஸ் என்ற கம்பெனி, 1990-களிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ரேடியேட்டர் மூடிகளைத் தயாரித்து அனுப்பிப் பெயர் பெற்றது. டெட்ராயிட்டில் ஓடிய கார்களின் கொதிப்பைத் தமிழ்நாட்டு மூடி அடக்கி வைத்தது என்றால் மிகையாகாது.

இது நிற்க. "மின்சார வண்டியில் எஞ்சினும் இல்லை, நெருப்பும் இல்லை. பிறகு உஷ்ணம் எங்கிருந்து வரும்?" என்று பலர் எண்ணுகிறார்கள். மின்சார மோட்டார் தனக்குக் கிடைத்த சக்தியில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது என்பது வாஸ்தவம். பிறக்கும் உஷ்ணம் பெட்ரோல் எஞ்சினை நோக்க மிகவும் சொற்பமே. ஆனால் அந்தச் சொற்ப உஷ்ணம் பிறக்குமிடம் மிக மென்மையான இடம். பெட்ரோல் எஞ்சின் இரும்பு. 100 டிகிரியைப் பொருட்படுத்தாது. பாட்டரியோ அப்படியல்ல.

ஊத்துக்குளி வெண்ணெயை அறியாதவர் நம் வாசகர்களில் இருக்க முடியாது. தண்ணீரில் மிதக்கவிட்டுக் குளிர்ந்த மூலையில் வைத்தால் அது உருண்டை கலையாமல் இருக்கும். 35 டிகிரியைத் தாண்டினால் உருகி ஓடும். அடுப்பில் வைத்தால் நெய்யாகும். வைத்துவிட்டு மறந்துபோனால் கருகித் தீயும் பற்றும். லித்தியம் பாட்டரியின் சுபாவமும் ஏறக்குறைய இதுவே. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரையில் அது சுகமாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் உள்ளே நடக்கும் இரசாயன மாறுதல்கள் ஏறக்குறைய இரட்டிப்பு வேகம் கொள்ளும். வண்டி நன்றாகத்தான் ஓடும். ஆனால் பாட்டரியின் ஆயுள் சந்தடியில்லாமல் கரைந்துகொண்டிருக்கும். உஷ்ணம் 100 டிகிரியை நெருங்கினால் உள்ளேயுள்ள மெல்லிய படலங்கள் சிதையத் தொடங்குகின்றன. 130 டிகிரி அளவில், இரு துருவங்களையும் பிரித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் திரை உருகுகிறது. பிறகு அந்த மின்கலம் தன்னைத்தானே சுட வைத்துக்கொண்டு தீயாகிறது. ஒரு ஸ்கூட்டரில் இப்படிப்பட்ட கலங்கள் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது உண்டு. ஒன்று பற்றினால் பக்கத்தது சும்மா இருக்குமா? போதாக்குறைக்கு, சில வகைக் கலங்கள் எரியும்போது தங்களுக்கு வேண்டிய பிராண வாயுவையும் தாங்களே வெளியிடுகின்றன. ஆகவே சாக்கைப் போட்டு மூடி அணைக்க முடிவதில்லை.

மின்சாரக் காரில் உஷ்ணக் கணக்கு மூன்று இடங்களில் எழுகிறது. பாட்டரியைச் சுகமான நிலையில் வைக்க வேண்டும்; மோட்டாரையும் அதற்கு மின்சாரம் பகிரும் பெட்டியையும் ஆற்ற வேண்டும்; உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்குக் குளிர்ந்த காற்றுக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பம்ப், தனிக் குழாய், தனி விசிறி. ஒரே வீட்டில் மூன்று மருமகள்களும் தனித்தனியாக உலை வைத்தால் விறகும் இடமும் எப்படி விரயமாகுமோ, அப்படியே வண்டியிலும் ஆயிற்று. கனம் கூடியது, இணைப்புகள் பெருகின, ஒழுகும் இடங்களும் பெருகின.

நம் பாட்டிமார் இந்தச் சிக்கலை என்றைக்கோ தீர்த்து வைத்திருக்கிறார்கள். கிராமத்து வீடுகளில் கொடியடுப்பைப் பார்த்திராதவர் இல்லை. விறகு எரிவது பெரிய அடுப்பில் மட்டுமே. அதன் அனல் ஒரு சிறு துளை வழியாகப் பக்கத்துக் கொடியடுப்புக்குப் போகும். இங்கே சோறு கொதிக்கும்போது அங்கே ரசமோ பருப்போ சூடாகிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் மிஞ்சும் உஷ்ணம் மற்றோரிடத்தில் வேண்டிய பொருளாகிறது. இந்தக் காலத்து எஞ்சினீயர்கள் 'ஒருங்கிணைந்த உஷ்ண நிர்வாகம்' என்று பெரிய பெயரிட்டு அழைப்பதன் சாரம் இந்தக் கொடியடுப்புக்குள் அடங்கியிருக்கிறது.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னும் பெரிய கொடியடுப்பு ஒன்று தெரியும். 2011 ஜனவரியில் சாயத் தொழிற்சாலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்ட பிறகு, சாயக் கழிவுநீரில் ஒரு சொட்டுக் கூட நொய்யலில் விடக்கூடாது என்ற நிலை ஏற்பட்டது. சுத்திகரிப்பு நிலையங்களில் கடைசியாக எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். அதற்குப் பல கொப்பரைகளை வரிசையாக வைத்த ஆவியாக்கிகள் உண்டு. முதல் கொப்பரையில் எழும் நீராவி வீணாக மேலே போவதில்லை. அதுவே அடுத்த கொப்பரையைக் காய்ச்சும். அதன் ஆவி அதற்கடுத்ததைக் காய்ச்சும். ஒரு முறை வாங்கிய உஷ்ணத்தைப் பல முறை வேலை வாங்கும் கலை இது.

இந்தக் கலை இப்போது வண்டிக்குள் நுழைந்திருக்கிறது. அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனி 2017-ல் வெளியிட்ட தன் மாடல் 3 காரில், பம்புகளையும் வால்வுகளையும் குளிர்நீர்த் தொட்டியையும் ஒரே கூட்டாகச் சேர்த்தது. 2020-ல் வந்த மாடல் ஒய் காரில் எட்டு வாய்கள் கொண்ட ஒரே வால்வை அமைத்து, உஷ்ணத்தை இறைக்கும் பம்ப்பையும் அதனுடன் இணைத்தது. கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே இறைப்பது போல, குளிர்ந்த இடத்திலிருந்து உஷ்ணத்தை எடுத்துச் சூடான இடத்துக்குக் கொண்டு போவது இந்தப் பம்ப்பின் தொழில். மோட்டாரில் மிஞ்சிய சூட்டை எடுத்துப் பனிக் காலத்தில் பிரயாணிகளுக்குக் கொடுக்கலாம், பாட்டரிக்கும் கொடுக்கலாம். வால்வு திரும்பும் திசையைப் பொறுத்து உஷ்ணம் போகும் பாதை மாறுகிறது. வாய்க்காலில் மடை மாற்றித் தண்ணீர் பாய்ச்சும் விவசாயியின் வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது.

இப்படி ஒருங்கிணைப்பதால் யந்திரம் சிறிதாவது எப்படி? அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விரைவாக மின்னேற்றம் செய்யும்போது பாட்டரி மிகவும் சூடாகும். ஆனால் அப்போது பெரும்பாலும் வண்டிக்குள் ஆள் இருப்பதில்லை. வெயிலில் நின்ற காரில் ஏறி உட்கார்ந்ததும் மனிதர்களுக்குக் குளிர் காற்று அவசரமாக வேண்டும். ஆனால் அப்போது பாட்டரி அவ்வளவாக உழைக்கத் தொடங்கியிராது. இருவருடைய உச்சத் தேவையும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆகவே இரண்டு கம்ப்ரஸர்களுக்குப் பதில் ஒன்றே போதும். முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுத்தால் சரியாகிவிடும். குழாய்கள் குறைவதால் உள்ளே ஓடும் குளிர்வாயுவும் குறைகிறது. இதுவும் சிறிய லாபமல்ல. கார்களில் நெடுங்காலமாகப் பழகிவரும் ஆர்-134ஏ என்ற வாயு, வெளியே கசிந்தால், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சுட வைக்கக்கூடியது.

ஆயினும், கூட்டுக் குடித்தனத்தில் சௌகரியம் மட்டுமா உண்டு? ஒருவருக்கு ஜுரம் வந்தால் வீடு முழுவதும் படுத்துவிடும் அபாயமும் உண்டு. 2022 பிப்ரவரியில் டெஸ்லா கம்பெனி அமெரிக்காவில் 26,000-க்கும் மேற்பட்ட கார்களைக் குறைதீர்க்க அழைக்க நேர்ந்தது. உஷ்ணப் பம்ப்பின் ஒரு வால்வை, கம்ப்யூட்டர் கட்டளையில் இருந்த பிழை, திறக்கக் கூடாத நேரத்தில் திறந்துவிட்டது. அதனால் முன் கண்ணாடியின் பனியை நீக்கும் சக்தி குறைந்தது. கட்டளையைத் திருத்தி அனுப்பிப் பிழையைச் சரி செய்தார்கள். ஒன்றைப் பலவற்றுடன் இணைக்கும்போது, அந்த ஒன்று தவறினாலும் மற்றவை பிழைத்திருக்க வழி செய்வதும் வடிவமைப்பில் பாதி என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது.

இப்போது நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன ஏற்பாடுகளில் பெரும்பாலானவை பனி பெய்யும் தேசங்களின் கவலையிலிருந்து பிறந்தவை. அங்கே வெளிக்காற்று நண்பன். சூடானதை வெளியே காட்டினால் தானே ஆறிவிடும். நம் நாட்டில் சித்திரை வைகாசியில் காற்றே 40 டிகிரியை எட்டிப் பார்க்கிறது. பாட்டரி விரும்புவதோ 35 டிகிரிக்கு உட்பட்ட நிலை. எத்தனை பெரிய விசிறியை வைத்துச் சுழற்றினாலும், 40 டிகிரிக் காற்று எந்தப் பொருளையும் 40 டிகிரிக்குக் கீழே கொண்டுவராது. இது இயற்கையின் சட்டம். எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இதை மாற்ற முடியாது.

இந்தச் சட்டத்தின் கடுமையை ஒரு பெரிய கம்பெனி அநுபவித்தே தெரிந்துகொண்டது. ஜப்பானின் நிஸான் கம்பெனி 2010-ல் லீஃப் என்ற மின்சாரக் காரை வெளியிட்டது. அதன் பாட்டரிக்குத் தண்ணீர் ஓட்டம் கிடையாது, காற்றே துணை. மிதமான சீதோஷ்ணமுள்ள ஊர்களில் அது குறையின்றி ஓடியது. அமெரிக்காவில் பாலைவன மாகாணமாகிய அரிஸோனாவிலோ, 2012-க்குள்ளாகவே பாட்டரியின் கொள்ளளவு விரைவாகக் குறைவதாக உரிமையாளர்கள் முறையிட்டார்கள். கம்பெனி பாட்டரிக்குப் புதிய உத்தரவாதம் கொடுத்தது. பின்னர் உஷ்ணத்தை மேலும் தாங்கும் பாட்டரியையும் செய்தது. குளிர்ந்த ஊரில் நல்ல பெயர் எடுத்த வண்டி, வெயில் ஊரில் பரீட்சையில் தவறியது. அரிஸோனாவுக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று எண்ணுவதற்கு என்ன ஆதாரம்?

ஆகவே நமக்கு வேண்டிய வண்டி நம் வெயிலில் நின்று வரையப்பட்டதாக இருக்க வேண்டும். கார் என்றால், குளிர்சாதனத்தின் கம்ப்ரஸரையே கொண்டு பாட்டரியைச் சுற்றி ஓடும் நீரையும் குளிர்விக்கும் ஏற்பாடு பொருந்தும். 2020-ல் வெளியான டாடா நெக்ஸான் மின்சாரக் கார், திரவத்தால் குளிரூட்டப்படும் பாட்டரியுடன் வந்தது நல்ல அறிகுறி. ஆனால் நம் மக்களில் பெரும்பாலோர் ஏறிச் செல்வது ஸ்கூட்டர். அதில் கம்ப்ரஸர் வைக்க இடமும் இல்லை, விலையும் கட்டாது. அங்கே தந்திரம் வேறு. கலங்களின் சூட்டை வாங்கி வெளிப்புறத்துக்குக் கடத்தும் அலுமினிய உறை. அந்த உறையைத் தழுவிக் காற்றுப் போகும்படியான அமைப்பு. உருகும்போது உஷ்ணத்தை விழுங்கிக்கொள்ளும் மெழுகுப் பூச்சு. கலத்துக்கும் கலத்துக்கும் இடையே போதிய இடைவெளி. உஷ்ணத்தில் எளிதில் கலங்காத இரும்பு பாஸ்பேட் வகைக் கலங்கள். இவற்றில் எதுவும் வண்டியைச் செய்து முடித்த பிறகு ஒட்டவைக்கக் கூடியதன்று. முதல் கோடு வரையும்போதே உஷ்ணம் போகும் பாதையையும் சேர்த்து வரைய வேண்டும். வீடு கட்டிய பிறகு புகைபோக்கிக்குச் சுவரை இடிப்பவனை உலகம் என்ன சொல்லும்?

வேலூர்ச் சம்பவமும் அந்த ஆண்டு நிகழ்ந்த பிற விபத்துக்களும் அரசாங்கத்தின் கண்ணைத் திறந்தன. இருசக்கர மின்சார வண்டிகளின் பாட்டரிக்கு உள்ள ஏ.ஐ.எஸ். 156 என்னும் விதிகளைத் திருத்தி, 2022 டிசம்பர் முதல் ஒரு பகுதியும், 2023 மார்ச் இறுதி முதல் மறு பகுதியுமாக அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கலம் தீயாகும்போது பாட்டரி முழுவதும் வெடித்து எரியாமல் இருக்கிறதா என்ற பரீட்சை, உஷ்ணத்தை அளக்கும் உணரிகள், உள்ளழுத்தத்தை வெளியேற்றும் துவாரம், முன்கூட்டியே எச்சரிக்கும் ஒலியும் ஒளியும் ஆகியவை அவற்றில் அடங்கும். விபத்துக்கு முன் வர வேண்டிய விதி விபத்துக்குப் பின் வந்தது, வந்தமட்டில் நல்லதே.

சட்டம் செய்யக்கூடியது ஓரளவுதான். மிச்சத்தை அறிவு செய்ய வேண்டும். சென்னை ஐ. ஐ. டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரு இளைஞர்கள் 2013-ல் தொடங்கிய ஏதர் கம்பெனியின் ஸ்கூட்டர்கள் ஓசூரில் உருவாகின்றன. ஓசூரும் போச்சம்பள்ளியும் மின்சார ஸ்கூட்டர்களின் பிறப்பிடமாகிவிட்டன. 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. வண்டிகள் இங்கேயே பிறக்கும்போது, அவற்றின் உஷ்ணத்தை ஆளும் கலை மட்டும் அயல் தேசத்துப் பெட்டிக்குள் அடைபட்டு வருவானேன்? கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் எஞ்சினீயரிங் பயிலும் நம் பிள்ளைகள், மே மாதத்துப் பிற்பகலில், லாரிக்குப் பின்னால் புழுதியில், ஊர்ந்து போகும் வண்டியின் பாட்டரியில் உஷ்ணமானி வைத்து அளந்து பார்க்கட்டும். குளிர்சாதன அறையில் கிடைக்காத பாடம் அங்கே கிடைக்கும். சுதேசி என்பது நம் மண்ணில் முடுக்கப்பட்ட திருகாணி மட்டுமல்ல. நம் வெயிலை அறிந்து போடப்பட்ட கணக்கும் சுதேசிதான்.

அதுவரையில் குடும்பங்கள் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே மின்னேற்றத்தில் மாட்டாதீர்கள்; அரை மணியோ ஒரு மணியோ நிழலில் ஆற விடுங்கள். படுக்கையறையிலும், மாடிப்படிக்குக் கீழும், வெளியேறும் ஒரே வாசலை அடைத்தும் மின்னேற்றம் செய்யாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைப் பயன்படுத்த வேண்டாம். அடிபட்டதோ, வீங்கியதோ, வெள்ளத்தில் மூழ்கியதோ ஆன பாட்டரியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். புது வண்டி வாங்கப் போகும்போது, நிறத்தையும் ஓடும் தூரத்தையும் விசாரிப்பதோடு, "இதன் பாட்டரியில் பிறக்கும் சூடு எந்த வழியாக வெளியே போகிறது?" என்ற ஒரு கேள்வியையும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

அவர் பதில் தெரியாமல் விழித்தால், கம்பெனிக்கு எழுதிக் கேட்பார். பத்துப் பேர் கேட்டால் கம்பெனி யோசிக்கும். ஆயிரம் பேர் கேட்டால் வண்டியின் படமே மாற்றி வரையப்படும்.